உடுப்பு என்று எழுதியிருந்த பொதி

எங்கள் குறுகலான ஒழுங்கைக்கு வருகிற வெளிநாட்டுப் பொதிகள் எல்லாம் முதலில் என் கடைக்குத்தான் வரும். கொக்குவிலில் வீட்டுக்கு வீடு மதில். பகலில் எல்லோரும் படலையைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். உள்ளே நாய் மட்டும் நின்று குரைக்கும். பார்சல் கொண்டுவருகிற அண்ணை எத்தனை படலையைத்தான் தட்டுவார்? ஒழுங்கை முகப்பில் இருக்கிற என் புடைவைக் கடையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். பின்னேரம் ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

இதில் இருக்கிற கொடுமையைப் பாருங்கள். என்னிடம் வாங்காமல் சீனாவில் வாங்கிய சட்டையை நான்தான் பத்திரமாக வைத்திருந்து கொடுக்க வேண்டும். சிலர் முதலில் கடைக்கு வந்து துணியைத் தடவிப் பார்ப்பார்கள், தோளில் வைத்து அளவு பார்ப்பார்கள், "யோசிச்சுச் சொல்லுறன் அக்கா" என்று போவார்கள். கொஞ்ச நாளில் அதே நிறத்தில் பார்சல் வரும். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். ஆனால் பொய் சொல்லக் கூடாது, வியப்பும் வரும். எந்தத் தேசத்திலோ முகம் தெரியாத ஒருத்தி மடித்து வைத்த சட்டை கடல் கடந்து, கொழும்பு தாண்டி, ஆனையிறவு தாண்டி, எங்கள் ஒழுங்கையைக் கண்டுபிடித்து வந்துவிடுகிறதே! விற்பனை இல்லாத நேரங்களில் அந்தப் பொதிகளைக் கையில் எடுத்து, புரியாத எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

வெளிநாட்டுப் பொதிகளுக்கும் ஒழுங்காக வரி அறவிட வேண்டும் என்று கடைக்காரர்கள் கூடி மனு எழுதியபோது முதல் ஆட்களில் ஒருத்தியாகக் கையெழுத்து வைத்தேன். நான் இறக்குகிற ஒவ்வொரு துணிக்கும் வரி இருக்கிறது. அதற்கு மேல் கடை வாடகை, கரண்ட் பில். இது எதுவும் இல்லாத ஒருவன் கடல் தாண்டி வந்து என் வாசலிலேயே விற்றுவிட்டுப் போனால் நான் என்ன செய்வது? பிறகு கொழும்பில் பொதிகளை மறித்து வரி வாங்குவது இறுகியது. செய்தி கேட்ட அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சோடா உடைத்துக் கொடுத்தேன்.

அந்தச் சந்தோஷம் ரீச்சர் வரும்வரைதான் இருந்தது.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உள்ளாடை முதல் சேலை வரை என்னிடம்தான் வாங்குவார். தெல்லிப்பழை ஆசுபத்திரியில் ஏதோ ஒப்பிரேஷன் என்று நீண்ட லீவில் நின்றார். பித்தப்பை என்று ஒருவர் சொன்னார், கர்ப்பப்பை என்று இன்னொருவர் சொன்னார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் அந்த வெயிலில் தோளைச் சுற்றிச் சால்வை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அக்கா, என்ரை பேரிலை ஒரு பார்சல் வந்ததோ?"

"இன்னும் இல்லை ரீச்சர். என்ன பார்சல்?"

"உடுப்பு."

நீங்களுமா என்று எனக்குச் சுருக்கென்றது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அதன்பிறகு அவர் தினமும் வந்தார். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு ஒரு கிழமைதான் இருந்தபோது, கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். பொதியைக் கொழும்பில் மறித்திருக்கிறார்கள், வரி கட்டினால்தான் விடுவார்கள் என்று செய்தி. பொருளின் விலையில் பாதிக்குக் கிட்ட வரி.

"உடுப்புக்கு அப்பிடித்தான் ரீச்சர். அப்பிடி என்ன, என்னட்டை இல்லாத உடுப்பு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். குத்தலும் இருந்தது.

ரீச்சர் சுற்றிப் பார்த்தார். கடையில் வேறு ஒருவரும் இல்லை. என் கையைப் பிடித்துத் தன் சால்வைக்குள்ளே, இடது பக்க நெஞ்சில் வைத்தார். அங்கே ஒன்றும் இல்லை.

தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கு எடுத்தது மார்பை என்று அப்போதுதான் தெரிந்தது.

"உதுக்குத்தான் ஓடர் பண்ணினனான்," என்றார். "மெத்தெண்டு, பாரமாய், உள்ளுக்கு வைக்கிற ஒண்டு. அனுப்பினவன் உடுப்பெண்டு எழுதிப்போட்டான். மருத்துவச் சாமான் எண்டு காட்டினால் வரி குறையுமாம். டொக்டரின்ரை கடிதத்தோடை, என்ன சாமான், ஆருக்கு, எதுக்கு எண்டு எழுதிக் குடுக்க வேணும்."

"எழுதுங்கோவன் ரீச்சர். அதிலை என்ன?"

"மாட்டன். சுங்கக் கந்தோரிலை எத்தினை பேர் அதை வாசிப்பினம்? உடுப்பெண்டே இருக்கட்டும். நான் வரியைக் கட்டுறன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அது வராட்டி நான் பள்ளிக்கூடம் போகமாட்டன் அக்கா. இந்த வேலையை விட்டிடுவன். பலகையிலை எழுதிப்போட்டுப் பிள்ளையளின்ரை பக்கம் திரும்ப என்னாலை ஏலாது."

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பிறகு, "அந்த மனுவிலை உங்கடை கையெழுத்தும் இருக்குத்தானே?" என்று கேட்டார்.

"ஓம் ரீச்சர்."

"உங்கடை இடத்திலை நானெண்டாலும் வைச்சிருப்பன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இன்றைக்கு அந்த மனுவை நீட்டினாலும் கையெழுத்து வைப்பேன், அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் வரி என்றதும் எனக்குச் சட்டைகள்தான் கண்ணில் தெரிந்தன. இப்படியும் ஒன்று அந்தப் பொதிகளுக்குள் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பொதி வந்தது. ரீச்சரைக் கூப்பிட்டு, கடைக் கதவைச் சாத்திவிட்டு, இருவருமாகத் திறந்தோம். வெள்ளைக்காரியின் நிறத்தில் இருந்தது. கையில் வாங்கியபோது மெத்தென்று, நல்ல பாரமாய், சட்டென்று உள்ளங்கைச் சூட்டை எடுத்துக்கொண்டது. ஆனால் அதை வைப்பதற்குப் பை உள்ள உள்ளாடை வேறாக விற்பார்களாம், அதை ரீச்சர் கவனிக்கவில்லை. சாதாரண உள்ளாடைக்குள் வைத்தால் வழுகிக் கீழே இறங்கியது. அவர் துணிக்கட்டின் மேல் இருந்துகொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

"இனி அதுக்கும் ஓடர் பண்ணி, அதையும் மறிச்சு..."

"சும்மா இருங்கோ ரீச்சர்," என்று அதட்டினேன். "நான் என்னத்துக்குக் கடை வைச்சிருக்கிறன்?"

அவருடைய அளவில் ஒன்றை எடுத்து, மெல்லிய பருத்தித் துணியை வெட்டி, உள்பக்கமாக ஒரு பை வைத்துத் தைத்தேன். முதலில் இறுக்கமாகப் போய்விட்டது. பிரித்து மறுபடி தைத்தேன். போட்டுக்கொண்டு, மேலே சட்டையும் சேலையும் சரிசெய்து, கண்ணாடி முன் நின்றார்.

நான் பார்த்ததைச் சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. இவ்வளவு நாளும் ஒருபக்கம் சரிந்திருந்த தோள் நேரானது. யாரோ, எங்கேயோ, ஒரு பெண்ணிடமிருந்து எடுத்ததற்கு எவ்வளவு பாரம் இருந்திருக்கும் என்று யோசித்து, அந்தப் பாரத்தையும் சேர்த்துச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். என்ன மனிதர்கள்! நான் எத்தனையோ பேருக்கு உடுப்பு விற்றிருக்கிறேன், ஒரு உடம்பு இப்படித் தன்னைத் திரும்பக் கண்டுகொண்டதை அன்றுதான் பார்த்தேன். கும்பிட வேண்டும் போல இருந்தது. ரீச்சர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை நீலச் சேலையில், குடை பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனார். சால்வை இல்லை.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை, இணுவிலில் தோட்டம் செய்கிற ஒரு பெண் கடைக்கு வந்தார். தயங்கித் தயங்கி, "நீங்கள் உள்ளுக்குப் பை வைச்சுத் தைப்பீங்களாம்," என்றார்.

அது ரீச்சருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். "ஆர் சொன்னது?"

"தெல்லிப்பழைக் கிளினிக்கிலை ஒரு ரீச்சர்."

"உங்களிட்டைத் தனியச் சொன்னவவோ?"

"இல்லையக்கா. எல்லாரும் டொக்டருக்காகக் காத்துக்கொண்டு இருந்தனாங்கள். ஆம்பிளையளும் இருந்தவை. அவ எழும்பி நிண்டு, வகுப்பிலை சொல்லிக் குடுக்கிற மாதிரிச் சத்தமாய்ச் சொன்னவ. தனக்கு ஒரு பக்கம் இல்லை எண்டு சொன்னவ. பிறகு உங்கடை கடைக்கு எப்பிடி வாறதெண்டும் சொன்னவ."

கொழும்புக் கந்தோரில் யாரோ முகம் தெரியாதவர் வாசிப்பார் என்று ஒரு வரி எழுத மறுத்து, வரியைக் கட்டிய மனுஷி! அந்தப் பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டு, ரீச்சரின் வீட்டுக்கு ஒரு ஓட்டம் ஓடிப்போய் அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வாசல்வரை போனேன். அப்போதுதான் நினைவு வந்தது, அது பள்ளிக்கூட நேரம். ரீச்சர் வீட்டில் இருக்கமாட்டார், வகுப்பில் நிற்பார்.