ஒரு தடவைதான் சொல்லுவேன்

சாலோமி சிஸ்டரின் வார்டில் தூசி இருக்காது, மருந்து மாறாது, நர்ஸுகள் சிரிக்கவும் மாட்டார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்கு அவர்தான் இன்சார்ஜ். காலையில் கட்டில் கட்டிலாக நடந்து அன்றைய வேலையைச் சொல்லுவார். எழுதிக்கொள்ளக் கூடாது, திரும்பக் கேட்கக் கூடாது. "ஒரு தடவைதான் சொல்லுவேன்" என்பார். மீறிக் கேட்டவளை நோயாளிகள் முன்னால் கிழித்துத் தொங்கவிடுவார். பக்கத்து வார்டு இன்சார்ஜான எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. நானும் அப்படி வசவு வாங்கி வளர்ந்தவள்தானே.

1995 ஐப்பசியில் ஒரு நாள். வார்டில் சர்க்கரை நோயாளிகள் இரண்டு பேர். ஒருவர் பேட்டை முத்துமாலை. அன்று அவருக்கு ஆபரேஷன், வெறும் வயிறு, இன்சுலின் போடக் கூடாது. சாலோமி சொல்லிவிட்டுப் போனார். இருவரில் யாருக்கு நிறுத்த வேண்டும் என்பதில் புதிதாகச் சேர்ந்த இசக்கிச்செல்விக்குச் சந்தேகம். கேஸ் ஷீட் டாக்டரிடம் போயிருந்தது. சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள், கேட்கவில்லை. ஊசியை முத்துமாலைக்குப் போட்டுவிட்டாள். சர்க்கரை சட்டென்று இறங்கி, அவர் வியர்த்து நினைவிழந்தார். குளுக்கோஸ் ஏற்றி, நல்லவேளை, ஆள் பிழைத்துக்கொண்டார்.

சாலோமி அறிக்கை எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை போதும், அவள் வேலை போய்விடும். மாஞ்சோலையில் தேயிலை பறிக்கிறவர்கள் படிக்கவைத்த பெண். "எழுதி அனுப்புங்க, மத்தவளுவளுக்குப் பயம் வரட்டும்" என்றேன் நான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சாலோமி அவளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, சந்தேகம்னா என்ட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா வைவிய சிஸ்டர். போன வாரம் வைதப்போ எங்கப்பா வயசு ஆளுவல்லாம் சிரிச்சாவ. அதான் கேக்கல."

சாலோமி அறிக்கைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார்: 'என்னிடம் கேட்கப் பயந்ததால் நேர்ந்த தவறு. அந்தப் பயத்தை உண்டாக்கியவள் நான்.'

இசக்கிச்செல்வி எச்சரிக்கையோடு தப்பினாள். அந்த வருஷம் சாலோமிக்கு வரவேண்டிய மேட்ரன் பதவி வேறொருவருக்குப் போனது. தை மாதம் அவராகவே அனுமதி கேட்டு, இன்சார்ஜ் சிஸ்டர்கள் பன்னிரண்டு பேருக்கு வகுப்பெடுத்தார். அந்த அறிக்கையை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

"அடியாத மாடு படியாதுல்லா சிஸ்டர்?" என்று நான்தான் சீறினேன்.

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு ஒங்க வார்டுப் பிள்ளையள தனியா கூப்பிட்டுக் கேளுங்க. கேக்கப் பயந்துக்கிட்டு, நிச்சயமாத் தெரியாமலே ஏதும் செஞ்சிருக்காளான்னு. என்ன பதில் வந்தாலும் வையாதீய."

என் வார்டில் அப்படி யாரும் கிடையாது என்ற திமிரோடு மறுநாள் வேணியைக் கூப்பிட்டேன். ஆறு வருஷமாக என்னிடம் வேலை பார்ப்பவள், என் வலது கை. கேள்வியைக் கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"எந்த வருசத்துலயிருந்து சொல்லணும் சிஸ்டர்?" என்றாள்.