மேடத்தின் இடது கை

பக்கவாதம் வந்து மேடத்துக்கு இடது கை விழுந்துவிட்டதாம். இந்தச் சேதியை அழகு நிலையத்தில் கேட்டுவிட்டு, பாதி உலர்ந்த தலையோடு ஓடி வந்தாள் நாத்தனார். வந்தவள் கண்டது, அண்ணி ஸ்டூல் மேல் ஏறி நின்று இரண்டு கைகளாலும் ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்ததைத்தான்.

"அண்ணி, உங்க கை..."

"என் கைக்கு என்ன?"

"விழுந்துடுச்சாமே. பார்லர்ல பேசிக்கிறாங்க. அங்க முடி வெட்டுற பொண்ணோட அக்கா, மூலைக்கடை சூப்பர்மார்க்கெட்ல கேஷியராம். நீங்க ஒரு கையில பையை மாட்டிக்கிட்டு, மறு கையாலயே எல்லாத்தையும் எடுக்கத் தடுமாறினீங்களாம். பிளாஸ்டிக் கவரைப் பல்லால பிரிச்சீங்களாம். பாத்துட்டு அவ கண் கலங்கிட்டாளாம்."

சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கணவர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார். ஊரே மேடம் என்பதால் அவரும் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி பெருமை.

"மேடம் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்.

அது நோயல்ல, தொழில். மேடம் கடை வியாபாரத்துக்குள் நுழைந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் கடையில், செருப்புப் பிரிவு விற்பனைப் பெண்ணாக. நாள் முழுக்க முட்டி போட்டு அடுத்தவர் காலுக்கு அளவு பார்க்கும் வேலை. கீழே இருந்து பார்த்தால் முகத்தைவிடக் கைகள்தான் நன்றாகத் தெரியும். அவற்றில் ஒன்று எப்போதும் குழந்தையிலோ குடையிலோ பையிலோ மாட்டிக்கொண்டிருக்கும். கடைக்கு வருகிறவருக்குப் பொருள் எடுக்க ஒரு கைதான் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். கிளை மேலாளராகி, கொள்முதலைக் கவனித்து, கடைசியில் அந்த நிறுவனத்தின் எல்லாக் கடைகளுக்கும் தலைவியான பிறகும் அந்த முடிச்சு அவிழவில்லை. புதுக்கடை திறக்கும் முன் அதிகாரிகள் ஒவ்வொருவர் கையிலும் கனத்த மாவுப் பையைத் திணித்து, "மறு கையால சாமான் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்புவார். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் முழங்கையால் கதவைத் தள்ளி, மோவாயால் டப்பாவை அணைத்துக்கொண்டு திரும்புவார்கள். எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று அப்புறம் ஒருவரும் வாதாட மாட்டார்.

ஒருமுறை அவரே சறுக்கினார். பீங்கான் கோப்பைகளுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அழகில் மயங்கி, பையைத் தூக்கிப் பார்க்காமலே தலையாட்டிவிட்டார். பாராட்டாதவர் இல்லை, வாங்கத்தான் ஆளில்லை. பிறகு அவரே ஸ்க்ரூடிரைவரோடு வந்து கதவுகளைக் கழற்றிப் போட்டார்.

ஓய்வு பெற்ற பின் வீட்டில் அடங்கி உட்கார அவருக்கு வரவில்லை. சமையலறை டப்பாக்கள் ஓயாமல் இடம் மாறின. உப்பைத் தேடிக் கணவர் அலைந்தார். போன வாரம்தான் மூலைக்கடை முதலாளி வந்து, படுத்துவிட்ட வியாபாரத்தை நீங்கள்தான் தூக்கி நிறுத்த வேண்டும் என்று கேட்டார். "கடையைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றவர், பார்க்கப் போன லட்சணம்தான் இப்போது ஊர் வாயில் பக்கவாதமாகியிருந்தது. அந்த வேலை அவருக்கு வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லை, கணவருக்குத் தெரியும்.

"இன்னொண்ணும் சொன்னாங்க அண்ணி" என்று இழுத்தாள் நாத்தனார். "முதலாளி காதுக்கும் போயிடுச்சாம். முடியாதவங்களை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்னு, வேற ஒருத்தரை இன்னைக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்காராம்."

மேடம் ஸ்டூலை விட்டு இறங்கினார். முகம் ஒரு கணம் வாடியது. அடுத்த கணம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைத் தேடினார்.

"கை நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு மேடம். முடிஞ்சுது" என்றார் கணவர்.

"எனக்கு நானே சர்டிபிகேட் கொடுக்கவா? நான் வேற சொல்லப் போறேன். அந்தப் பொண்ணு என்னைப் பாத்திருக்கா, கண் கலங்கியிருக்கா. ஆனா எழுந்து வந்து கவரைப் பிரிச்சுக் கொடுக்கலை. ஏன்? கல்லாவை விட்டு நகர்ந்தா திட்டு விழும். இவ்வளவு நல்ல மனசைக் கூண்டுல அடைச்சு வச்சிருக்காரு உங்க முதலாளி."

"எனக்கு எப்ப அவர் முதலாளியானாரு?" என்றாள் நாத்தனார்.

"முதல் வேலையா அவளைக் கடைக்குள்ள நடமாட விடணும்."

"வேலை கிடைச்ச மாதிரியே பேசுற" என்றார் கணவர்.

"கிடைச்சப்புறம்தான் பேசணும்னு இருந்திருந்தா, இன்னும் செருப்புப் பிரிவுலதான் இருந்திருப்பேன்."

முதலாளியின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்தது. உரித்த சுளையைக் கணவர் நீட்டினார், மேடம் கவனிக்கவில்லை.

"எடுக்கலையே, மத்தவர் வந்துட்டாரோ என்னவோ" என்று முணுமுணுத்தாள் நாத்தனார்.

"வரட்டுமே."

முதுகை நிமிர்த்திக்கொண்டு, சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு, மேடம் காத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.