திகதி போடாத கடிதம்

நான் பிரதேச சபை உறுப்பினராக இருந்தது ஒரு வருடமும் சில மாதங்களும்தான். அதற்கு முன்னும் பின்னும் பாலர் பாடசாலை ஆசிரியை. கல்முனைக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில் என் வீடு. கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இல்லை. அடுத்த வளவில் ராத்தா, என் மூத்த சகோதரி, இருக்கிறாள்.

சபைகளில் பெண்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு கட்சிகள் பெண்களைத் தேடி அலைந்தன. ஒரு பின்னேரம் ஊர்க் கட்சி அமைப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயதில் மூத்தவர் என்பதால், அண்ணன் என்ற முறையில், காக்கா என்றே அவரை அழைப்போம். ராத்தாவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. பேரத் தாங்க. மத்ததெல்லாம் கட்சி பாக்கும்."

எனக்கு ஆசை இருந்தது. ஒவ்வொரு மாரியிலும் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் மட்டும் தண்ணீர் நிற்கும். கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகிவிடும். தண்ணீர் வடிய ஒரு வடிகான் கேட்டு எத்தனையோ மனுக்கள் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. உள்ளே போனால் கேட்கலாமே என்று நினைத்தேன். ராத்தாவும், "போ, நல்லதுதானே" என்றாள்.

பெண்களுக்கான பட்டியலில் இருந்து என் பெயர் வந்தது. சத்தியப்பிரமாணத்துக்கு முதல்நாள் காக்கா இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று சத்தியப்பிரமாணப் படிவம். மற்றது என் பெயரில் இராஜினாமாக் கடிதம். எல்லாம் தட்டச்சு செய்திருந்தது. திகதி மட்டும் இல்லை.

"இது என்னத்துக்கு காக்கா?"

"எல்லாரிட்டயும் வாங்குறதான். நம்மட வோட்டுல வெண்டுபோட்டு மத்தப் பக்கம் பாயாம இரிக்கத்தான். வேறொண்டும் இல்ல."

அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. முந்திய சபையில் எங்கள் ஆட்களின் வாக்கில் வென்ற ஒருவர் இரண்டே மாதத்தில் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்ததை ஊரே பார்த்தது. கையெழுத்துப் போட்டேன்.

சபையில் எங்கள் கட்சிப் பக்கம் நான் ஒருத்திதான் பெண். அமர்வு முடிந்து தேநீர் வரும்போது ஆண்கள் ஒரு வட்டமாக நின்று கதைப்பார்கள். நான் ஜன்னல் ஓரத்தில் கோப்பையோடு நிற்பேன். எதை ஆதரிப்பது, எதை எதிர்ப்பது என்பதெல்லாம் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் காக்காவின் முற்றத்தில் தீர்மானமாகும். ஆண்கள் மட்டும் கூடும் அந்த இடத்துக்கு நான் போக முடியாது. மறுநாள் காலையில் தொலைபேசியில் முடிவு மட்டும் வரும். கத்தார் அழைப்பில் கணவர், "சபையில என்ன நடந்த?" என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது.

சபைத் தலைவரான தவிசாளர் மறுகட்சிக்காரர். இருந்தாலும் நான் அவருடைய அறைக்குத் திரும்பத் திரும்பப் போய் வடிகானைப் பற்றிச் சொன்னேன். ஒழுங்கையை வந்து பார்க்கவும் வைத்தேன். அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் எங்கள் வடிகான் இருந்தது. அச்சிட்ட தாளில் ஒழுங்கையின் பெயரைப் பார்த்தபோது கண் கலங்கியது.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் காக்கா அழைத்தார். "பட்ஜெட்டத் தோற்கடிக்கிற. நாளைக்கு எதிர்த்துத்தான் கை உயர்த்தணும் டீச்சர்."

"எங்கட வடிகான் அதுக்குள்ள இரிக்கே காக்கா."

"அது தெரியும். பட்ஜெட் தோத்தா தவிசாளர் எறங்கணும். அந்தக் கதிர நம்மட ஆளுக்கு. மறுகா ரெண்டு வடிகான் கட்டுவம்."

அன்று மாலை ராத்தாவும் வந்தாள். அவளுடைய மகள் சபை நூலகத்தில் தற்காலிக ஊழியர். அவளை நிரந்தரமாக்கித் தருவதாகக் கட்சி வாக்குக் கொடுத்திருந்தது. "நீ ஒண்டும் யோசிக்காத. சொன்னதச் செய்" என்றாள். நான் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

சபையில் செயலாளர் ஆதரவானவர்களைக் கை உயர்த்தச் சொன்னார். நான் கையை உயர்த்தினேன். துணிவு என்று அதைச் சொல்ல மாட்டேன். அந்த நேரம் கை போனது, அவ்வளவுதான். ஒரு வாக்கால் திட்டம் நிறைவேறியது. என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தபோது தவிசாளரின் ஆட்கள் சிரித்தபடி வந்தார்கள். "வாங்க டீச்சர், இனி நீங்க எங்கட ஆள்."

"நான் ஒங்கட ஆளில்ல. வடிகானுக்குத்தான் வோட்டுப் போட்ட."

அவர்களுக்கு அது விளங்கவில்லை. என் கட்சிக்காரர்களுக்கும் விளங்கவில்லை. மதிய லுஹர் தொழுகைக்கு முன்னரே கட்சியின் வட்ஸ்அப் குழுவில் இருந்து என்னை நீக்கியிருந்தார்கள். நான் விலைபோய்விட்டேன் என்று முகநூலில் யாரோ எழுதினார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் தகப்பன்மாரும் அதன் கீழே சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் தேர்தல் அலுவலகத்தில் இருந்து பதிவுத் தபால் வந்தது. நான் உறுப்புரிமையை இராஜினாமாச் செய்துவிட்டதாக அதில் இருந்தது. சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். "கையெழுத்து ஒங்கடதானே?" என்றார். "ஓம்" என்றேன். அவர் தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

ராத்தாவின் மகளுக்கு நிரந்தர நியமனம் வரவில்லை. ராத்தா வேலியோரம் வந்து ஒரே ஒரு தடவை கேட்டாள்: "ஒனக்கு வடிகான் பெரிசு. என்ட புள்ள பெரிசில்லயா?" பிறகு கதைப்பதை நிறுத்திவிட்டாள். நோன்புக் கஞ்சி வேலிக்கு மேலால் வருவதும் நின்றது. அந்த மாதம் முழுக்க மாலையில் நான் தனியாகவே நோன்பு துறந்தேன். தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்துக் கதைக்கலாம் என்றால் கத்தார் நேரம் இரண்டரை மணித்தியாலம் பிந்தி. கணவர் அங்கே வேலையில் இருப்பார்.

வடிகான் கட்டினார்கள். திறப்பு விழாவில் தவிசாளரின் கட்சிக் கொடிகள் பறந்தன. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

அடுத்த தேர்தல் வந்தபோது கட்சியே வேண்டாம், சுயேச்சையாகக் கேட்போம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் சட்டத்தில் உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தனி ஆள் நிற்க முடியாது. சுயேச்சைக் குழுவாக, பட்டியல் நிறைய ஆட்களோடு நிற்க வேண்டும். வீடு வீடாகப் போனேன். தேநீர் தந்தார்கள். "வோட்டுப் போடுவம் டீச்சர், பேர் மட்டும் தர ஏலா" என்றார்கள். ஒருவரின் மகனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தது கட்சிதான். இன்னொருவரை வெள்ளத்தில் உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் காக்கா. அதுவும் உண்மை. அந்த இரவு அவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்ததை நானே பார்த்தேன். தனியே நிற்கிற நான் அவர்களுக்கு என்ன செய்ய முடியும் என்று யோசித்தபடி திரும்பி வந்தேன். ஐந்து பெயர்கள்தான் சேர்ந்தன. வேட்புமனு நாள் கடந்து போனது.

கட்சிகள் இல்லாவிட்டால் நாடு நன்றாக இருக்கும் என்று சொல்பவர்களோடு இப்போது நான் சேருவதில்லை. காக்கா வந்து கேட்டிராவிட்டால் என்னைப் போன்ற ஒருத்தி அந்தக் கதிரையில் இருந்திருக்கவே மாட்டாள். அந்தக் கதிரையில் இருந்து நான் உயர்த்திய ஒரே ஒரு கைக்காக என்னை எழுப்பி அனுப்பியதும் அதே கட்சிதான். இரண்டையும் சேர்த்து ஒரு பதிலாகச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

தேர்தல் நாளில் பாடசாலை மண்டபத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையில் எனக்கு நாலைந்து பேர் முன்னால் ராத்தா நின்றாள். வெயில் ஏறியிருந்தது. சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"அடையாள அட்டை கொண்டு வந்தியா?"

"ஓம் ராத்தா."

வருடக்கணக்காகக் கேட்காத குரல். வேறு ஏதாவது சொல்லலாம் என்று வார்த்தை தேடுவதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் வாக்குப் போட்டுவிட்டு அவசரமாக வெளியே வந்து வாசலில் தேடினேன். அவள் போய்விட்டிருந்தாள். கடற்கரை வீதியால் தனியே நடந்து வீட்டுக்கு வந்தேன்.