ஆமாம்சாமியின் காதுகள்

சனிக்கிழமைச் சந்தையில் காய்கறி விற்கும் அவரை எல்லோரும் ஆமாம்சாமி என்றுதான் சொல்வார்கள். யாருக்கோ ஜால்ரா போடுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி, "ஆமாம், ஆமாம்" என்பார், அவ்வளவுதான். பெயர் வைத்தது பக்கத்துக் கடை முட்டைக்காரர். "என்ன ஆமாம்சாமி, உங்களுக்கு இந்தப் பேரு சரிதானே?" என்று முதல்முறை அவர் கிண்டலாகக் கேட்டதற்கும் "ஆமாம்" என்றே பதில் வந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

விஷயம் என்னவென்றால், அவருக்குக் காது கேட்காது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். கேட்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போனது. மனைவி இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. கடையில் வாய் அவளுடையது, தராசு இவருடையது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டையும் இவரே பார்க்க வேண்டியதாயிற்று. 'எனக்குக் காது மந்தம்' என்று சொல்ல வெட்கம். அதனால் வாடிக்கையாளர்களின் கையைப் பார்க்கப் பழகிக்கொண்டார். கை எந்தக் கூடைக்குப் போகிறதோ அது வேண்டும். விரல் காட்டினால் அத்தனை கிலோ. விலை பலகையில் எழுதியிருக்கிறது. மற்றதற்கெல்லாம் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல்.

வேடிக்கை பாருங்கள், வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. குறுக்கே பேசாமல், முகத்தையே பார்த்துக் கேட்கிற மனிதர் வேறெங்கே கிடைப்பார்? வரிசையில் நின்றாவது அவரிடமே வாங்கினார்கள். ஆனால் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. நிறைய முகங்கள், அசைந்த உதடுகள். அவ்வளவுதான் துணை.

மகள் தூர ஊரில் வேலையில் இருந்தாள். வாரம் ஒருமுறை போனில் முகம் காட்டிப் பேசுவாள். ஒருநாள் அவள் பேசப் பேச அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே உற்றுப் பார்த்தாள். அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு நேரில் வந்து நின்றாள்.

"அன்னிக்குப் போன்ல, நீங்க நிலத்தை வித்துட்டீங்களான்னு கேட்டேன்பா. ஆமாம், ஆமாம்னு சிரிக்கிறீங்க!" என்று அவர் காதருகே கத்தினாள். பிறகு அவரைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனாள். காது மிஷினோடு வெளியே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குள் நுழைந்தபோது தலை சுற்றியது. பிளாஸ்டிக் பையின் சரசரப்புகூட இடி மாதிரி இருந்தது. முட்டைக்காரர் நாள் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற ஆசாமி என்பது அன்றுதான் தெரிந்தது. மிஷினைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார்.

முதலில் வந்தவர் ரிட்டயரான தபால்காரர். வாராவாரம் வருகிற மனிதர். கடையைப் புகழ்கிறார் என்றே இவர் இத்தனை நாள் நம்பியிருந்தார்.

"போன வாரமும் உங்க வெள்ளரிக்காய் கசப்புங்க. வாயில வைக்க முடியல."

ஆமாம்சாமி தராசைக் கீழே வைத்தார். "கசந்துச்சா? அப்புறம் ஏங்க வாராவாரம் வாங்குறீங்க?"

"எத்தனை தடவை சொன்னாலும் 'ஆமாம்'னு ஒத்துக்கிட்டு ரெண்டு காய் கூடப் போடுறீங்களே! இப்படி ஒரு நேர்மையான வியாபாரிய நான் பாத்ததே இல்ல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி போனபின் கடையில் அப்படிச் சிரித்தது அன்றுதான். அன்று காலை முழுக்க அவர் ஆசை தீரக் கேட்டார், பதிலும் சொன்னார். ஒருத்தியின் குழந்தைக்குப் பல் முளைத்திருந்தது. ஒருவர் வீடு மாற்றப் போகிறார். காய்ந்த மண்ணில் தண்ணீர் இறங்குகிற மாதிரி எல்லாமே உள்ளே இறங்கியது.

கூட்டம் வடிந்தபின் நீலக் குடைக்காரம்மா வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தையல் கடையில் வேலை. எப்போதும் கடைசியில்தான் வருவாள். நாலு கேரட், ஒரு பிடி பீன்ஸ், அதை எடுக்க அவளுக்கு அரை மணி நேரம். பேசிக்கொண்டே எடுப்பாள். உதட்டில் லேசான சிரிப்பு இருக்கும். சமையலைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசுகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். சந்தையில் அவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிற முகம் ஒன்று உண்டு என்றால் அது அவளுடையதுதான்.

"நேத்தும் போன் பண்ணேண்ணே. அவன் எடுக்கல," என்றாள், கேரட்டைப் புரட்டிக்கொண்டே. "என் பிள்ளைதான். கல்யாணத்தப்ப நான் சொன்ன ஒரு வார்த்தை. அதைச் சொல்லாம வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். டிவியப் போட்டுட்டுத்தான் தூங்குறேன். வீட்ல ஒரு மனுஷக் குரல் வேணும்ல?"

எத்தனை வாரமாக இதையா சொல்லிக்கொண்டிருந்தாள்? நான் பல்லைக் காட்டிக்கொண்டா நின்றேன்? அவருக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது.

"அப்படி என்னம்மா சொல்லிட்டீங்க, பிள்ளைக்கு இவ்வளவு கோபம்?"

அவள் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொப்பிக்குக் கீழே பார்த்தாள்.

"உங்களுக்குக் கேக்குதா?"

"இப்பத்தாம்மா. மிஷின் வச்சிருக்கேன்."

"உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்," என்றாள். "அதனாலதான்..."

முடிக்கவில்லை. முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. எடுத்த கேரட்டைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒருநாள் அவர் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். வாடிக்கையாளர்கள் சொன்னதையே இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் மட்டும் வரவில்லை.

"அந்தம்மாவா? சந்தையோட பின்பக்க கேட் கிட்ட வாங்குறாங்க," என்றார் முட்டைக்காரர். "நீங்க என்ன, விலைய ஏத்திட்டீங்களா?"

"இல்லண்ணே. வாயக் கொடுத்துட்டேன்."

ஒருநாள் கடையை முட்டைக்காரரிடம் விட்டுவிட்டு அந்தப் பின்பக்க கேட் வரை போனார். நீலக் குடை தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

"தெரியும்ணே," என்றாள் தரையைப் பார்த்தபடி. "உங்க மேல ஒண்ணும் தப்பில்ல. எனக்குத்தான் கூச்சமா இருக்கு. உங்க முன்னாடி உடுப்பில்லாம நின்ன மாதிரி."

அவர் தன் கடைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

தபால்காரருக்குக் கசக்காத வெள்ளரி ரகமாகத் தேடிப் பயிரிட்டார். பல் முளைத்த குழந்தை நடக்கத் தொடங்கிய செய்தியும் அவருக்கு வந்து சேர்ந்தது. மகள் இப்போதெல்லாம் அடிக்கடி கூப்பிட்டாள். ஆனால் கூட்டம் வடிகிற நேரத்தில் கடையைக் கட்டுவதற்கு மட்டும் அவருக்கு மனம் வராது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் அவள் வந்தாள்.

"கேரட் எப்படிண்ணே?"

"இன்னிக்குக் காலைல பறிச்சதும்மா."

"பீன்ஸ் முத்தலா இருக்கே."

"அடியில இருக்கிறது பிஞ்சு. நான் பொறுக்கித் தர்றேன்."

காசைக் கொடுத்தாள், பையை வாங்கினாள். "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மற்ற எல்லோரையும் போல இரண்டு நிமிஷம்தான். பிள்ளை போனை எடுத்தானா என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் கூடைகளைக் கவிழ்க்கத் தொடங்கினார்.

அன்று சாமான்களை ஏற்றிக்கொண்டு வேனில் தனியாக வீட்டுக்குத் திரும்பினார். ஊரைத் தாண்டியதும், முன்னால் நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தபடி, "எடுப்பான்மா. இன்னொரு தடவை போட்டுப் பாருங்க," என்று வாய்விட்டுச் சொன்னார். அவருக்கே அது திருப்தியாக இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.