அம்மா தொடாத தலை

எழுபதுகளின் தொடக்கம். பட்டாபிராமில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. அப்பா நெல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். நான் இரண்டாம் வகுப்பு. அந்த வயதிலேயே தெருவில் எனக்குப் பெரிய பெயர், வலிப்பு வருகிற பெண் என்று. விழுந்தால் போதும், ஆளாளுக்கு ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். நினைவு திரும்பும்போது பாதித் தெருவின் சாவி என்னிடம் இருக்கும்! இன்று சிரிக்கிறேன். அன்று பள்ளிக்கூடத்திலேயே இனி அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். "பொம்பளப் புள்ள, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அம்மா அழுதபடியே இருப்பாள்.

அம்மாவுக்கு என் தலைமுடி மேல் அப்படியொரு பைத்தியம். வெள்ளிக்கிழமை விடிந்தால் என்னை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். தேய்த்துக்கொண்டே தெருச்சண்டை பூராவும் சொல்வாள். எனக்கு ஒன்றும் புரியாது, அந்த விரல்களின் சுகத்தில் கண் சொக்கிப்போகும்.

பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையில் வலிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. அங்கே ஒரு டாக்டரம்மா. குழந்தைகளின் வலிப்புக்கும் வீட்டில் புழங்குகிற ரசாயனங்களுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். ஒருநாள் ரயிலேறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? அரிசி டப்பா, கிரசின் டின் எல்லாவற்றையும் திறந்து முகர்ந்து பார்த்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "இன்னாடி இது, போலீஸ் மாரி ஊட்ட சோதன போட்டுகினு கீது!" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

வலிப்பு பெரும்பாலும் எந்தக் கிழமையில் வருகிறது என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா யோசித்து, வெள்ளி, சனியில்தான் என்றாள்.

"வெள்ளிக்கிழமை வீட்ல என்னம்மா விசேஷம்?"

"இன்னா விசேஷம்? மருந்து வெச்சு தலைக்கு ஊத்துவேன், அவ்ளோதான்."

"என்ன மருந்து?"

அம்மா பெருமையாக ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தாள். நெல்லில் பூச்சி விழாமலிருக்கக் கிடங்கில் தூவுகிற பவுடர். மூட்டைப்பூச்சிக்காக அப்பா கொண்டுவந்தது. "எண்ணெயில கலந்து தேய்ச்சா ஒரு பேன் நிக்காது டாக்டரம்மா!"

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "இதனாலதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. ஆனா இது பூச்சியைக் கொல்ற விஷம். எண்ணெயில கலந்தா தோல் வழியா உள்ள இறங்கும். நிறுத்திப் பாப்போம்" என்றார்.

நிறுத்தினோம். மாத்திரையும் தொடர்ந்தது. மாதங்கள் போயின, வலிப்பு வரவேயில்லை. மறுபடி பள்ளிக்கூடம் போனேன். தெருவே சந்தோஷப்பட்டது, அம்மாவைத் தவிர. "நானே எம் புள்ளைக்கு வெசம் வெச்சிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதன்பிறகு என் தலையை அவள் தொடவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் பின்னிவிடுவாள். வெள்ளிக்கிழமைகளில் நானே போய் அம்மா மடியருகே உட்காருவேன். சட்டென்று எழுந்து போய்விடுவாள். வலிப்பு வந்தாலும் பரவாயில்லை, அம்மா தொட்டால் போதும் என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன்.

அடுத்த முறை டாக்டரம்மா வந்தபோது, எண்ணெய் காணாத என் தலையைப் பார்த்துக் காரணம் கேட்டார். நான்தான் அழுதுகொண்டே சொன்னேன். "தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்கம்மா" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா பாயை விரித்துப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா பேச்சை நிறுத்தினார். நேராக வந்து பாயில் அம்மாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

"ரயில்ல வந்தது மண்டையப் பிளக்குது. கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சு விடுங்க."

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, ஒங்க தலைய நானா? வேணாம் டாக்டரம்மா, இந்தக் கையி..."

"ஏன், என் தலையில பேன் இருக்கும்னு பயமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. வெறும் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, விரல் நுனியால் மட்டும் அந்த நரைத்த தலையில் தொட்டு வைத்தாள். தேய்க்கத் தேய்க்க முழுக் கையும் பதிந்தது. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா!" என்றார். அப்புறம் அம்மா எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்தாள்.

"ஏய், இன்னா வேடிக்க? அடுத்து நீதான், வந்து குந்து."

வலிப்பு எந்தத் தேதியில் நின்றதென்று எனக்கு நினைவில்லை. நான் குணமான நாள் எது என்று கேட்டால், இன்றைக்கும் அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன்.