அத்தானுக்காகத் தூக்கிய எடை

ஜிம்முக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒருத்தருக்குத் தொப்பை குறைய வேண்டும், இன்னொருத்தருக்கு டாக்டர் திட்டியிருப்பார். கண்ணாடிக்காரி எடை தூக்கியது அத்தான் மேலிருந்த வயிற்றெரிச்சலில்.

ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துவது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். வேலை முடிந்தால் பார்க்கூர்: சுவர் ஏறுவது, இடைவெளி தாவுவது. குழுவுக்குத் தலைவர் அக்கா புருஷன்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலில் போகிறவர் எதிர்ச்சுவரின் விளிம்பைத் தட்டி, அழுத்திப் பார்த்து, "பிடி இருக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதை நம்பித்தான் அடுத்தவர் தாவி, விளிம்பைப் பிடித்துத் தொங்கி, மேலே ஏறுவார்.

ஒருநாள் அத்தானுக்குத் தாவச் சோம்பல். பின்பக்கப் படியேறிச் சொகுசாகப் போய் நின்றுகொண்டு, விளிம்பைத் தொடாமலே "பிடி இருக்கு" என்றார். அவள் தாவினாள். செங்கல் கையோடு வந்துவிட்டது. குதிகால் உடைந்து அவள் கிடக்க, இறங்கி ஓடிவந்த அத்தான் முதல் காரியமாக அந்தச் செங்கல்லைக் காலால் புதருக்குள் தள்ளினார். அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

வீட்டில் அவர் சொன்ன கதையே வேறு. "பாவம், கடைசி நேரத்துல பயந்துட்டா. கை எட்டல." செங்கல்லைப் பற்றி அவள் சொன்னபோது அக்கா, "விழுந்ததுக்கு மத்தவங்க மேல பழி போடாதடி" என்றாள். எலும்பு கூடிவிட்டது, அந்தப் பேச்சு ஆறவில்லை. பயந்துவிட்டாள் என்ற கதை அவள் வேலைசெய்யும் கண்ணாடிப் பட்டறைவரை போய், முதலாளி அவளை உயரமான கட்டடங்களுக்கு அனுப்பாமல் வெட்டுமேசையிலேயே உட்கார வைத்துவிட்டார்.

கட்டுப் பிரித்ததும் ஜிம்மில் சேர்ந்தாள். முதலில் வெறும் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தாள், பிறகு தட்டுகளை ஏற்றினாள். இடுப்பில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு புல்-அப் எடுத்தாள். விரல் நுனிகளால் பலகையைப் பிடித்துத் தோள் நடுங்கும்வரை தொங்கினாள். மரப்பெட்டியிலிருந்து சத்தமில்லாமல் குதிக்கப் பழகினாள். சத்தம் வந்தால் உடம்பு குதிகாலில் இறங்குகிறது என்று அர்த்தம். ஒருநாள் அத்தானை நினைத்துக்கொண்டே குதித்ததில் கால் வீங்கிப்போனது. அந்த வீக்கத்துக்கும் அவரையே திட்டினாள்.

"யார் மேலம்மா இவ்வளவு கோபம்?" என்றார் பயிற்சியாளர்.

"கம்பி மேலதான் சார்."

"கம்பி பாவம்மா."

குழுவினரின் வீட்டார் வேடிக்கை பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். அன்று மற்றவர்கள் வருமுன்பே போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்தாள். ஒரு விளிம்பில் செங்கல் ஆடியது. அத்தானை இங்கேயே தாவவிட்டால் என்ன என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள்; அதை மறைப்பானேன்? ஆனால் அவர் கால் உடைந்தால் ஊர் அனுதாபமெல்லாம் அவருக்கல்லவா போய்விடும்! கெட்டியான சுவராகப் பார்த்து, ஒவ்வொரு செங்கல்லாக அழுத்திப் பார்த்து வைத்தாள்.

கூட்டம் சேர்ந்ததும் அவளே முதலில் தாவினாள். விரல்கள் பிடித்தன, தோள் இழுத்தது, மேலே வந்து நின்றாள். விளிம்பை எல்லோரும் பார்க்க இன்னொரு முறை தட்டினாள்.

"பிடி இருக்கு அத்தான். வாங்க."

உண்மையிலேயே இருந்தது. அத்தான் ஓடி வந்து, இடைவெளிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

மறுபடி பின்னால் போனார், ஓடி வந்தார், நின்றார். அவள் முகத்தையே பார்த்தார். அதில் என்ன தேடினாரோ! அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உன்னை எப்படி நம்புறது? நீ எம்மேல கறுவிக்கிட்டு இருக்கே" என்றார் கடைசியில், சத்தமாகவே.

அவர் பக்கத்தில் கூட்டத்தோடு நின்ற அக்கா நிமிர்ந்தாள். "அவ எதுக்குங்க உங்க மேல கறுவணும்? அவளாத்தானே பயந்து விழுந்தா?"

கூட்டம் அத்தானையே பார்த்தது. பின்பக்கப் படியை நோக்கித் திரும்பியவரின் கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

சுவர் மேலிருந்தவளுக்கு இரக்கம் கொஞ்சமும் வரவில்லை. நன்றாகத் தெரியட்டும் என்று விளிம்புக்கு வந்து, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.