பதினைந்தாம் நம்பரிலிருந்து வந்த பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருப்பூரில் கேமராவும் வைஃபையும் மாட்டிக் கொடுப்பது என் தொழில், ஒயர் இல்லாத இடத்துக்கு கரண்ட் போகாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மங்கலம் பக்கம் தோட்டத்துக்குள் செல்வி அக்கா வீடு. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கேமராக்களின் ஐபி நம்பர் மாறிவிடும், அக்காவின் போனில் படம் வராது. அதனால், வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல, ஒவ்வொன்றுக்கும் மாறாத நம்பர் போட்டுக்கொடுக்க ஒரு மத்தியானம் போயிருந்தேன். கேட் கேமராவுக்குப் பதினைந்தைக் கொடுத்தால், அந்த நம்பரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று வந்தது. டிவி, பிரிண்டர், போன் எல்லாவற்றையும் அணைத்தேன். அப்புறமும், ‘இருக்கிறாயா’ என்று கதவைத் தட்டிக் கேட்பது போல லேப்டாப்பிலிருந்து பதினைந்தைக் கூப்பிட்டால், நம்புங்கள், பதில் வந்துகொண்டே இருந்தது.

முன்பு அது மோட்டார் ரூம் கேமராவின் நம்பர். அக்காவிடம் கேட்டேன்.

“அது இடி வுழுந்து எரிஞ்சு போச்சுங்களே தம்பி. நீங்கதானுங்க வந்து ஒயரைக் கழட்டுனீங்க.”

வாஸ்தவம்தான். இருந்தாலும் மனசு கேட்காமல் தென்னைகளுக்கு நடுவே நடந்து போய் மோட்டார் ரூம் கதவைத் தள்ளினால், உள்ளே இருட்டில் அக்காவின் மாமனார் நெஞ்சைப் பிடித்தபடி கிடக்கிறார். அவர் மாடியில் தூங்குகிறார் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

திரும்பி வந்து பதினைந்தைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மோட்டார் ரூம் மேலே மாட்டியபடியே விட்டிருந்த அந்தக் கேமராவை இறக்கித் திறந்தேன். உள்ளே எல்லாம் கருகிக் கிடந்தது, ஒயர் மாட்டுகிற துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

பெரியவர் தேறி வந்தபின் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“மேல செவப்பா ஒண்ணு மினுங்கிட்டே இருந்துச்சு கண்ணு. அதைப் பாத்துக்கிட்டேதான் கண்ணை மூடாம கெடந்தேன். நீ கதவைத் தொறந்ததும் அணைஞ்சுபோச்சு.”

இது என்ன என்று எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் பதினைந்தை இன்றுவரை எதற்கும் கொடுக்கவில்லை. அங்கே வேலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று விரல் போகும், உடனே இழுத்துக்கொள்வேன். பதில் வந்தால், இந்தமுறை எங்கே ஓடுவது?